அப்பாவின் மூச்சு திரும்பிவிட்டது

ஈசல்மி, மே மாதம்

அன்பு மகள் ஹென்னாவுக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மருமகனும் சுகந்தானே? இங்கே உன் அப்பா சுகம், அவர் சுகமானதுதான் இப்போது என் கவலை. இப்படியும் ஒருத்தி எழுதுவாளா என்று திட்டாதே, முழுக்கப் படி. மாட்டின் தோல் பொடுகு அவருக்கு ஆகாமல் குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு உனக்குத் தெரியும், பால் கறந்துவிட்டு நான் பக்கத்தில் வந்தாலே நெஞ்சு விசில் அடிக்கும், சௌனாவின் நீராவியில் குளித்துத் தலைமுழுகிவிட்டுத்தான் அவரருகே உட்காருவேன். டாக்டரம்மா விளக்கினார், அந்தப் பொடுகு மூச்சுக்குழாயில் பட்டதும் உடம்பின் அணுக்கள் ஒன்றுக்கொன்று இரசாயனத் தூது அனுப்புமாம், இன்டர்லூக்கின் என்று பெயராம், ஒரு தூது இரத்த அணுக்களைக் கூட்டி வருமாம், இன்னொன்று சளியைச் சுரக்க வைக்குமாம், வந்த பட்டாளம் குழாயை வீங்கவைத்து நெருக்குமாம். "அப்ப என் தங்கச்சி மாதிரி, ஒரு எலியப் பாத்தா ஊருக்கே போன் போடுவா" என்றார் உன் அப்பா. மாடுகளை விற்றுவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. அன்று காரில் அவர் அழுதார், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் ஹென்னா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மாடுகளால் ஒரு விடியற்காலைகூட நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. டவுனில் சின்ன வீடொன்றுகூடப் பார்த்துவைத்தேன்.

இப்போது புது ஊசி போடுகிறார்கள், அந்தத் தூதை அது பாதி வழியிலேயே மடக்கிவிடுகிறதாம். ஆனால் ஆகாதது ஆகாததுதான், தொழுவத்துக்குள் போய்ச் சோதித்துப் பார்க்காதீர்கள் என்று டாக்டரம்மா எச்சரித்துத்தான் அனுப்பினார். கேட்டால்தானே? நேற்று குளிர்காலம் முடிந்து மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் நாள், முகமூடிகூட இல்லாமல் உள்ளே போய் பசு மன்சிக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் வாசலில் நின்று அந்த விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. வந்துவிடட்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேனடி, கட்டின புருஷனுக்கு மூச்சு முட்டட்டும் என்று. "பாத்தியாடி ரைலி, கன்னுக்குட்டி மாதிரி துள்ளுறேன், இனி எதுக்கு விக்கணும்?" என்று சிரித்தார், மாடு வாங்க வரவிருந்தவருக்கும் போன் போட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள், வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் பண்ணு, நீ சொன்னால் கேட்பார். ஊசியை நம்பி விளையாட வேண்டாம், மூச்சுக்காக விற்றுவிடுங்கள் என்று சொல். அம்மாவுக்காக என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதே. சொன்னால் அந்த நிமிடமே விற்றுவிடுவார், அப்புறம் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

பால் கறக்க நேரமாகிவிட்டது,
உன் அம்மா ரைலி