மாமாவுக்கு யார் சொல்வது

ஜூன் 3, செவ்வாய்

நைட் டூட்டி முடிந்து வந்து, குளித்துவிட்டு நேராக ஸ்பானிஷ் வகுப்புக்கு உட்கார்ந்தேன். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துத்தான் என் படிப்பு. இன்று ஆர்யா டீச்சர் எடுத்தது எனக்கு, உனக்கு, அவருக்கு. அவர்கள் பாஷையில் மே, தே, லே. எனக்குப் பிடிக்கும், எனக்குக் கால் வலிக்கிறது என்று நாம் சொல்கிற மாதிரியேதான் அவர்களும் சொல்கிறார்கள். இத்தனை மாதத்தில் முதல்தடவையாக ஒரு பாடம் சுலபமாக இருந்தது. இங்கிலீஷ் வழியாகப் போனால்தான் சிக்கல்.

வகுப்பில் எல்லாரும் நர்சுகள். எல்லாருக்கும் ஒரே நோக்கம், ஸ்பெயினில் முதியோர் இல்லத்தில் வேலை. ஆகஸ்டில் பேச்சுப் பரீட்சை. அதில் தேறினால்தான் மற்றதெல்லாம். நெய்யாற்றின்கரையில் இந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் என் சம்பளம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 7, சனி

பேசிப் பழக ஆள் வேண்டும் என்று டீச்சர் சொன்னார். ஷாஜியைக் கேட்டேன். கட்டிய புருஷன்தானே என்று நம்பிக் கேட்டது தப்பு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாள் முழுக்கப் பேசியாகிவிட்டது, ஆளை விடு என்றார்.

மாமாதான் வந்தார். ஷாஜியின் அப்பா. கே.எஸ்.ஆர்.டி.சி.யில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாறசாலை டிப்போவில் செல்லையன் டிரைவர் என்றால் இன்றும் தெரியும். வாசல் சிட்அவுட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நான் நோயாளி. நீ நோக்கு" என்றார். அவர் பேச வேண்டியதைத் தமிழ் எழுத்தில், அர்த்தத்தோடு எழுதிக் கொடுத்தேன். "மே துவேலே லா ரோதில்யா." எனக்கு முட்டு வலிக்கிறது. கிளட்ச் மிதித்து மிதித்துப் போன முட்டு என்பதால் அவருக்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாமி மீன் கழுவுவதை விட்டுவிட்டு வந்து நின்று சிரித்தார்.

எனக்கு மாமாவைப் பிடிக்கும். இதை அவரிடம் எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை.

ஜூன் 12, வியாழன்

மாமாவுக்கு மலத்தில் ரத்தம் போகிறதாம். எத்தனை நாளாக என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். மூலம்தான், டிரைவர் வேலை பார்த்த எல்லாருக்கும் உள்ளது ஆக்கும் என்கிறார். முகம் வெளிறியிருக்கிறது. ஒரு நர்ஸ் இருக்கும் வீட்டில் இதை யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

திருவனந்தபுரத்தில் ஸ்கோப் பார்த்து, சதை எடுத்து அனுப்பியதன் ரிசல்ட் வந்தது. மாமாவையும் மாமியையும் கேன்டீனில் சாயா குடிக்க உட்கார வைத்துவிட்டு நானும் ஷாஜியும் டாக்டரைப் பார்த்தோம்.

புற்றுநோய். மலக்குடலின் அடியில். ஆப்பரேஷன் செய்தால் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் கட்டி இருக்கும் இடம் அப்படி — மலம் போக வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டவேண்டி வரலாம், காலத்துக்கும். அட்மிட் ஆவதற்கு முன் அவரிடம் விளக்கமாகச் சொல்லவேண்டும் என்றார் டாக்டர். நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றார் ஷாஜி.

காரில், டாக்டர் என்ன சொன்னார் என்று மாமா கேட்டதற்கு, "மூலம்தான். சின்ன ஆப்பரேஷன்" என்றார் ஷாஜி. மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்?

ஜூன் 24, செவ்வாய்

வகுப்பில் மாதிரிப் பரீட்சை. ஆர்யா டீச்சர் நோயாளி. அம்பூரிக்காரி லிஷா, நோயாளியின் மகள். நர்ஸாக நான் சர்க்கரை அளவு கூடியிருப்பதைச் சொல்லி, மருந்து மாற்றியிருப்பதை விளக்கவேண்டும். தப்பில்லாமல் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைத்துக்கொண்டுதான் முடித்தேன்.

டீச்சர் மலையாளத்தில் கேட்டார்: நோயாளி நான் அல்லவா, என்னிடம் நீ ஒரு வார்த்தை பேசினாயா?

நினைத்துப் பார்த்தேன். இல்லை. எல்லாவற்றையும் லிஷாவிடம்தான் சொல்லியிருக்கிறேன். மாத்திரை எப்போது போடுவது என்பதைக்கூட அவளுக்குத்தான் விளக்கியிருக்கிறேன். அடுத்து லிஷா நர்ஸாக வந்தாள், அவளும் அப்படியே. அதற்கு அடுத்தவளும். ஒருவர் பாக்கியில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரி என்றால் நோயாளி கட்டிலில், விவரம் வராந்தாவில். கூட வந்தவர் யார் என்றுதான் முதலில் கேட்போம். அது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அங்கே இது மரியாதைக்குறைவு, நோயாளி புகார் கொடுக்கலாம் என்றார் டீச்சர். யாருக்குச் சொல்கிறோம் என்பதை அந்த ஜனங்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவைகூடச் சொல்வார்களாம். 'செல்லையனுக்கு' என்று பெயரைச் சொல்லி, உடனே 'அவருக்கு' என்றும் சொல்லி, அப்புறம்தான் கொடுத்ததையோ சொன்னதையோ சொல்வது. டீச்சர் போர்டில் எழுதியது வேறு யாருடைய பெயரோ. செல்லையன் என்று எழுதிக்கொண்டது நான்.

ஜூன் 25, புதன்

பயிற்சி இல்லையா மக்கா என்று மாமா கேட்டார். தலைவலி என்றேன்.

ஜூன் 28, சனி

ஷாஜியோடு சண்டை. அடுக்களையில், குரலை அடக்கிக்கொண்டு. ஆப்பரேஷனுக்கு முன் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். கேட்டால் அப்பா ஒடிந்து போவார், சாப்பாடு இறங்காது, ஆப்பரேஷனே வேண்டாம் என்பார் என்கிறார். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண் விழித்துக் கையால் தடவி வயிற்றில் பையைக் கண்டுபிடிக்கும் ஆட்களை ஷாஜி பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். காஞ்சிரங்குளத்துக்காரர் ஒருவர், "யாரக் கேட்டு வச்சிய?" என்று எங்களைக் கேட்டார். மகன்களைக் கேட்டோம் என்று எப்படிச் சொல்வது? போர்வையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

இதைச் சொன்னதும் ஷாஜி சொன்னார்: "நீ ஸ்பெயினுக்குப் போவ. கூட இருந்து நோக்க வேண்டியது நானாக்கும்."

சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் கஷ்டம்.

போதகருக்குத் தெரியும். ஷாஜியின் தங்கை லேகாவுக்குத் தெரியும். மாமிக்கும் ஷாஜி சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணன்குட்டி அண்ணனுக்கும் சொல்லிவிட்டார். யாருடைய உடம்போ அவருக்கு மட்டும் தெரியாது.

ஜூலை 2, புதன்

கிருஷ்ணன்குட்டி அண்ணன் ஆரஞ்சுப் பையோடு வந்தார். மாமாவின் கையைப் பிடித்ததும் அழுதுவிட்டார். கண்ணில் பூச்சி விழுந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். "மூலத்துக்கு இவன் எதுக்கு அழுதான்?" என்று மாமா கேட்டார். மாமி உள்ளே போய்விட்டார். நான் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தேன்.

ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன்.

மாலையில் மாமாவே நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரீட்சை உனக்கா எனக்கா என்றார். தட்ட முடியவில்லை. முட்டு வலி, தலை வலி எல்லாம் முடிந்து கடைசி வரிக்கு வந்தார். அது டீச்சர் கொடுத்த வரி. நான் யோசிக்காமல் எழுதிக் கொடுத்திருந்தேன். "கே லே ஆ தீச்சோ எல் மேதிகோ?" டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?

நான் சொல்லவேண்டிய பதில் எனக்கு மனப்பாடம். வாய் திறக்கவில்லை. மாமா காத்திருந்தார். மறுபடி வாசித்தார். அப்புறம் தாளை மடியில் வைத்தார்.

"டாக்டரு ஒங்களுக்கு என்ன சொன்னாரு? இது பரீட்சைக்கு இல்ல மக்கா."

என் நாற்காலியை அவர் முட்டுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். நோயின் பெயர், இருக்கும் இடம், வாய்ப்பு, பை — எல்லாம். வார்டில் ஒருநாளும் இப்படி நேராக முகம் பார்த்துச் சொன்னதில்லை.

மாமா ரோட்டைப் பார்த்தபடி கேட்டது நோயைப் பற்றி இல்லை.

"கிருஷ்ணன்குட்டிக்குத் தெரியும், இல்லியா?"

"தெரியும் மாமா."

"எல்லாருக்கும்."

"தெரியும்."

எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

மாமா சர்ச்சுக்கு வரவில்லை. ஷாஜியிடம் பேசுவதில்லை. மகன் எதிரே நிற்கும்போதே என்னிடம், அவனிடம் கேட்டைச் சாத்தச் சொல் என்கிறார். ஷாஜி என்னிடம், "இப்ப ஒனக்குச் சமாதானம் ஆச்சா?" என்றார்.

ஆகவில்லை. நானும் மனுஷிதான். பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன். ஆப்பரேஷன் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டால்? சொன்னவள் நான். காலம் முழுக்க அந்தப் பழி என் தலையில்தான்.

ஜூலை 8, செவ்வாய்

மாமா இன்று ஒரே ஒரு விஷயம் கேட்டார். அந்தப் பை எப்படி இருக்கும், கொண்டுவந்து காட்ட முடியுமா என்று. வார்டு சிஸ்டரிடம் சொல்லி மாதிரிக்கு வந்த ஒன்றை வாங்கி வந்தேன். எப்படி ஒட்டுவது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? பையில் தண்ணீர் ஊற்றி, நான் சொன்னபடியே வயிற்றில் ஒட்டி, மேலே வேட்டி சட்டை உடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறியிருக்கிறார். கடைசி ஸீட்டில், பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து போய், அடுத்த வண்டியில் திரும்பி வந்திருக்கிறார். அந்த இடத்தில்தான் குலுக்கல் அதிகம், அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்குமாம்.

"ஒழுகல்ல" என்றார். அவ்வளவுதான். ஆப்பரேஷனுக்கு நாள் கேட்கச் சொன்னார்.

ஷாஜி கொஞ்ச நேரம் கழித்து வந்தார். சட்டையெல்லாம் புழுதி. கடைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அப்பா பஸ் ஏறுவதைப் பார்த்து, எங்கே போகிறாரோ என்று பயந்து பைக்கில் பின்னாலேயே போயிருக்கிறார். போகவும் வரவும். அப்பாவிடம் சொல்லாதே என்றார்.

இந்த வீட்டில் இனி யாரும் என்னிடம் அப்படிச் சொல்லாதீர்கள் என்றேன். சிரித்தார். பிறகு ஓரமாகப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமாவிடம் நானே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

அட்மிஷனுக்கு முன் டாக்டரைப் பார்க்கப் போனோம். மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. வழக்கம்போல ஷாஜி நாற்காலியில், நாங்கள் பெஞ்சில். டாக்டர் ஃபைலைத் திறந்து ஷாஜியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

ஷாஜி எழுந்துவிட்டார். அப்பாவிடமே சொல்லுங்கள் டாக்டர் என்று நாற்காலியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா நடந்துபோய் உட்கார்ந்தார். டாக்டர் அவரிடம் முதலிலிருந்து சொன்னார். மாமா பையைப் பற்றிக் கேட்டார், மறுபடி வண்டி ஓட்டலாமா என்று கேட்டார்.

முடிவில் டாக்டர் ஒன்று கேட்டார். ஆப்பரேஷன் முடிந்து நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்கள், உள்ளே என்ன பார்த்தோம் என்பதை அப்போது யாரிடம் சொல்லவேண்டும்?

என்னைத்தான் கைகாட்டுவார் என்று நினைத்தேன். மாமா திரும்பிப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தார்.

"இவன்கிட்டச் சொல்லுங்க. இவன் எனக்குச் சொல்லுவான்."