ஒளிக்காத புகை

அக்கா,

சாம்பிராணி டப்பாவைத் திறந்தால் இப்போதெல்லாம் முதலில் உங்கள் மணம்தான் வருகிறது. உங்கள் மகள் தந்த, உங்கள் சனம் புகை போட்டுக் கும்பிடுகிற, காய்ந்த சேஜ் இலைக் கட்டை அதற்குள்தான் வைத்திருக்கிறேன். பிள்ளையாருக்கு அதில் குறை ஒன்றும் இருக்காது. குறையெல்லாம் எனக்குத்தான். நேற்று இந்தக் கட்டடத்துக் கீழறையில் நடந்த கூத்தின் கோபம் இன்னும் ஆறவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் பிரஷர் ஏறப்போகுது அன்ரி என்று வாயை அடைத்துவிடுவார்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாங்கள் முதன்முதல் சந்தித்ததும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான். ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் இந்தக் கட்டடத்தில் நான் குடியேறிய புதிது. கூரையில் இருக்கிற புகை அலாரத்துக்கு, அது கத்தாமலிருக்க, எங்கள் சனம் எல்லாரும் செய்வதுபோல, குளிக்கிற தொப்பி ஒன்றை மாட்டிவிட்டுச் சாம்பிராணி போட்டேன். கதவு தட்டுப்பட்டது. முறைப்பாட்டுக்குத்தான் யாரோ வந்துவிட்டார்கள் என்று, துவாயால் புகையை விசிறிக்கொண்டே, சொறி சொறி என்று மன்னிப்புக் கேட்டபடி திறந்தேன். நீங்கள் வீட்டுச் செருப்போடு நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுத்தீர்கள். யாருக்காகப் பிரார்த்தனை என்று கேட்டீர்கள். பிறகு அண்ணாந்து பார்த்து, பூப்போட்ட அந்த ரோஸ் தொப்பியைக் கண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு சிப்பியில் இலையைக் கொளுத்தினீர்கள். புகையைக் கையால் அள்ளித் தலையிலும் கண்ணிலும் நெஞ்சிலும் ஒற்றிக்கொண்டீர்கள். நாங்கள் தீபாராதனையை ஒற்றிக்கொள்வதுபோலவே இருந்தது. என் உடைந்த இங்கிலிசில் அதைச் சொன்னேன். உங்களுக்கு விளங்கியது. அதன் பிறகு நீங்கள் எனக்கு அக்கா, நான் உங்களுக்குத் தங்கச்சி.

உங்கள் வீட்டு அலாரத்துக்கு நீங்கள் ஒருநாளும் தொப்பி மாட்டியதில்லை. பல்கனிக் கதவைத்தான் திறந்துவிடுவீர்கள். ஏன் என்று கேட்டபோது, சின்ன வயதில், பூர்வகுடிப் பிள்ளையென்று அரசாங்கம் உங்களை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் முறைப்படி கும்பிட்டால் அங்கே அடி விழுமாம். "ஒளிச்சு ஒளிச்சுக் கும்பிட்டது காணும், தங்கச்சி" என்றீர்கள். நான் தலையாட்டினேன். ஆனால் என் தொப்பியைக் கழற்றவில்லை.

நோய் முற்றியபோது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. நீங்கள் போன பிறகு, எல்லாருக்கும் பொதுவான அந்தக் கீழறையில் உங்கள் ஆட்கள் கூடவேண்டும், அந்தப் புகையைப் போடவேண்டும். கட்டடத்து மனேஜர் தம்பி எங்கள் ஆள், ஊரில் எங்களுக்கு அடுத்த கிராமம். என் தொப்பி விஷயம் அவனுக்குத் தெரியும். நான் ஒண்டும் காணேல்லை அன்ரி என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகிறவன். அந்த நம்பிக்கையில் நானே போய்க் கேட்டேன். பூர்வகுடி மக்களின் சடங்குகளுக்கு இடம் கொடுப்போம் என்று நகரசபை சொல்லியிருக்கிறதே என்றும் சொன்னேன்.

"அது நகரசபை, அன்ரி. இது எங்கடை இன்சூரன்ஸ். அறைக்குள்ளை நெருப்பு, புகை ஒண்டும் கூடாது" என்றான்.

என் வீட்டிலேயே செய்வோம் என்று உங்களிடம் வந்து கெஞ்சினேன். கட்டிலில் படுத்தபடியே மாட்டேன் என்று கையசைத்தீர்கள். "அந்த அறைக்கும் சேத்துத்தானே நான் வாடகை குடுத்தனான். சாகேக்கையும் ஒளிக்கச் சொல்லுறியோ?"

கடைசியில், நீங்கள் போன பிறகு, கார் விடுகிற இடத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று செய்தோம். காற்று. உங்கள் மகள் தீக்குச்சியைக் கிழிக்கக் கிழிக்க அணைந்தது. நாங்கள் கோட்டுகளை விரித்து மறைத்துக்கொண்டு நின்றோம். ஒருவழியாகப் பற்றி எழுந்த புகையும் ஒருவர் கையிலும் அகப்படாமல் பறந்துபோனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

நேற்று அதே கீழறையில் விழா. லொபியில் மாட்டப்போகிற பலகையை மேசையில் நிறுத்திவைத்திருந்தார்கள். உங்கள் பூர்வகுடி இனங்களின் பெயர்களெல்லாம் பொன் எழுத்தில். இது அவர்களின் நிலம் என்று எழுதியிருந்தது. நகரசபையிலிருந்து வந்த ஒருவர் நிறுத்தி நிறுத்தி, மரியாதையாக வாசித்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. சொல் நல்ல சொல்தான். நம்பினபடியால்தானே இவ்வளவு எரிகிறது.

எங்கள் கலாசாரமும் இருக்கட்டும் என்று தம்பி என்னைக் குத்துவிளக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். புளி போட்டு மினுக்கி, திரி போட்டு, எண்ணெயும் விட்டாயிற்று. அவன் லைற்றரை நீட்டினான். உங்கள் மகள் பின்னால், கோப்பி மேசையோடு நின்றா. படத்துக்கு ஒரு ஆள் வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார்கள் போல.

"இந்த நெருப்புக்கு இன்சூரன்ஸ் இருக்கோ, தம்பி?" என்றேன்.

சிரித்தான். ஒரு நிமிசம்தானே, போட்டோவுக்கு என்றான்.

"இவவின்ரை அம்மான்ரை புகை முதல். பிறகுதான் என்ரை விளக்கு."

"அன்ரி, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். எங்கடை காணிக்குள்ளை ஆமி இருந்துகொண்டு, இது உங்கடை காணிதான் எண்டு வாசலிலை பலகை எழுதி வைச்சிருந்தா, நீ கைதட்டியிருப்பியோ?"

அவன் முகம் கறுத்துப்போனது. நகரசபைக்காரர் என்ன சொல்கிறா என்று கேட்டார். தமிழ் தெரிந்தவர்களெல்லாம் கோப்பி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் திரிகளை உருவி, விளக்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணெய் விட்ட விளக்கை ஏற்றாமல் தூக்கிவருவது எனக்கு எவ்வளவு பெரிய அபசகுனம் என்று உங்களுக்குத் தெரியும். இரவு முழுக்க மனம் அடித்தது. விடியத்தான் ஒரு யோசனை வந்தது, முருகனும் கோபித்துக்கொண்டு மலையேறினவர்தானே என்று. பிறகு கொஞ்சம் ஆறினேன்.

இன்றைக்கு ஸ்டூலில் ஏறி அலாரத்துத் தொப்பியைக் கழற்றினேன். உங்கள் மகளைக் கூப்பிட்டேன், வந்தா. கொரிடோர்ப் பக்கக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, சாம்பிராணித் தட்டில் உங்கள் இலையைக் கொளுத்தினோம். இரண்டு பேரும் கைநிறைய அள்ளி ஒற்றிக்கொண்டோம். அலாரம் கத்தத் தொடங்கியது. பக்கத்துக் கதவுகள் திறந்தன. தம்பி மேல்மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"இண்டைக்கும் ஒண்டும் காணேல்லையோ, தம்பி?" என்று கேட்டேன்.

வாசலிலேயே நின்றான். உங்கள் மகள் தட்டை அவன் பக்கம் நீட்டினா. அவன் கையை நீட்டவுமில்லை, போகவுமில்லை.

தொப்பியைக் குப்பையில் போட்டாயிற்று, அக்கா. இனி இந்த வீட்டில் ஒளித்துக் கும்பிடுவதில்லை. அந்தக் கீழறை உங்களுக்குக் கிடைக்கும் மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் அலாரம் கத்தட்டும்.