நீ கேட்ட டயர்களின் நலம்

பினாங்கு,
டத்தோ கிராமட் ரோடு,
12-3-1936

சிரஞ்சீவி ராமதாஸுக்கு அப்பா எழுதிக்கொள்வது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் ரங்கூனில் உயிரோடுதான் இருக்கிறாய் என்று மோட்டார் பட்டறை இஸ்மாயிலுக்கு நீ போட்ட கடுதாசியிலிருந்து தெரிந்துகொண்டோம். கப்பலேறிப் பதினோரு மாதம் ஆகிறது, பெற்றவர்களுக்கு ஒரு வரி கிடையாது. இஸ்மாயிலுக்கு மட்டும் இரண்டு பக்கம், அதுவும் நீ விட்டுப்போன கார் எப்படி இருக்கிறது, நின்ற இடத்திலேயே நின்று டயர் தட்டையாகிவிட்டதா என்று. பதில் நானே எழுதிக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்டது டயர்களின் நலம்தானே, அதையே முதலில் சொல்கிறேன்.

நாலும் தட்டையாகித்தான் போயின. காற்று முழுக்க இறங்கி, சிமெண்டுத் தரையில் பட்ட பக்கம் அப்படியே சப்பையாக அமுங்கியிருந்தது. நீ புறப்படுவதற்கு முன்பே இஸ்மாயில், தம்பி, சக்கரம் தரையில படாம நாலு கட்டையில தூக்கி வச்சிட்டுப் போங்க, ரப்பர் படுத்துக்கும்லா என்று சொன்னானாம். நீ சிரித்தாயாம். வாங்கத் தெரிந்த துரைக்கு வைக்கத் தெரியவில்லை. அதோடு விட்டாயா? நம் வீட்டு மாப்பிள்ளை இரவல் கேட்டுவிடுவாரோ என்று, புறப்படும்போது உன் அம்மாவிடம், நான் போய்ச் சேர்ந்து கடுதாசி போடுற வரைக்கும் காரை யாரும் தொடக் கூடாதும்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ மாப்பிள்ளையை நினைத்துச் சொன்னாய். அவள் சாஸ்திரத்தை நினைத்துக் கேட்டுக்கொண்டாள். பயணம் போனவன் சேர்ந்த சேதி வரும்வரை அவன் புறப்பட்ட இடத்தைக் கூட்டக் கூடாது, அவன் வைத்ததை அசைக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம் என்று உனக்குத் தெரியாதா? தாயின் வயிற்றில்தானே பிறந்தாய். அன்றிலிருந்து கார் நிற்கும் கொட்டகையில் விளக்குமாறு படவில்லை. காரின் மேல் புழுதி விரற்கடை கனத்துக்கு ஏறியது. கப்பலில் சரக்கோடு வந்த சீனி முகம்மது உன்னை ரங்கூன் கடைவீதியில் பார்த்ததாகவும் நன்றாகச் சதை போட்டிருப்பதாகவும் சொன்னார். அதைச் சொல்லிக் காரை நகர்த்தப் பார்த்தேன். ஊரார் வாய்ச்சொல் கணக்கில்லை, என் பிள்ளை கையெழுத்து வரட்டும் என்று வழியை மறித்துக்கொண்டு நின்றாள். நான் கத்தினேன், பலனில்லை.

இனி நீ கேட்காததைச் சொல்கிறேன். தீபாவளிக்குப் பிறகு அவள் வலது காலில் ஒரு கொப்புளம் வந்து புண்ணாகிவிட்டது. நீரிழிவு உடம்பு, ஆறவில்லை. கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் போனால் குலுக்கம் தாங்காமல் பல்லைக் கடிப்பாள், அதற்குப் பயந்து ஒரு நாள் போவாள், நாலு நாள் போகமாட்டாள். கார் வீட்டிலேயே நிற்கிறது, ஏறு என்றால் மாட்டேன் என்பாள். போன மாதம் ஒரு நாள் விடிகாலையில் கால்விரல் கறுத்து நாற்றம் எடுத்துவிட்டது. வெளியே பேய்மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், ரிக்‌ஷாவும் இல்லை, வாடகைக் காரும் இல்லை. நனைந்துகொண்டே போய் இஸ்மாயிலைக் கூட்டி வந்தேன். அவன் காற்றடித்து, புது பெட்ரோல் ஊற்றி, கைப்பிடி சுற்றிச் சுற்றிக் கிளப்பினான். அவள் திமிறத் திமிற நானே தூக்கி உள்ளே உட்கார வைத்தேன், முப்பத்திரண்டு வருஷத்தில் அவளிடம் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. சப்பைப் பக்கம் ரோட்டில் படும்போதெல்லாம் கார் ஒரு இடி இடிக்கும், இடிக்கொரு தடவை அவள் காலைப் பிடித்துக்கொள்வாள். மெதுவாக ஓட்டினால்தான் ரப்பர் சூடேறி உருண்டைக்கு வரும் என்று இஸ்மாயில் நடைவேகத்தில் ஓட்டினான். வழியெல்லாம் அவள் அழுதாள். வலியால் என்று நினைத்தேன். அசைச்சிட்டீங்களே, புள்ளை இன்னும் எழுதலையே என்றுதான் அழுதாள்.

சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் முன்னால் ஒழுங்காக வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. என் மேலும் கோபம்தான், அவளை அன்றைக்குத் தூக்கியதுபோல் முன்னாடியே தூக்கியிருக்க வேண்டும். டயர்களில் மூன்று, ஓட ஓடச் சரியாகிவிட்டன. இடது பின்பக்கத்து டயரில் ரப்பருக்குள் ஓடும் நூல் அறுந்துவிட்டது, இனி உருண்டைக்கு வராது என்கிறான் இஸ்மாயில். இது போதுமா உனக்கு?

இதெல்லாம் முடிந்து அவள் கட்டோடு வீட்டில் கிடக்கும்போதுதான் உன் கடுதாசி இஸ்மாயிலுக்கு வந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று படித்தவன், அம்மா சுகமா என்று கேட்டதாக ஒரு வரியைத் தானாகவே சேர்த்துப் படித்தான், நல்ல மனுஷன். அவள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்பதை அவன் மறந்துவிட்டான். இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து முழுக்கப் படித்தாள், மடித்து அவனிடமே கொடுத்தாள். டயரெல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிடுங்க தம்பி, இல்லாட்டி அவன் கவலைப்படுவான் என்றாள். என் பக்கம் திரும்பி, கால் சமாச்சாரத்தை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ரங்கூன் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. முருகன் உன்னை நன்றாக வைக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் கேட்கிறேன். இத்துடன் அவள் பெயரும் விலாசமும் எழுதிய உறை ஒன்று வைத்திருக்கிறேன், தபால்தலை ஒட்டுவது ஒன்றுதான் உன் வேலை. வந்து சேர்ந்தேன் என்று எழுது, பெரிய எழுத்தாக எழுது. வேறெதுவும் வேண்டாம். நேற்று அவள் நொண்டிக்கொண்டே போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள், இஸ்மாயிலுக்கு வந்த கடுதாசி அவள் கணக்கில் சேராதாம், இன்னும் கூட்டவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமசாமி