அறுபது என்று எழுதிய சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று ராக்கெட்டுக்கு மறுபடி நரம்பு கட்டினேன். பாலியெஸ்டர், அறுபது பவுண்டு இறுக்கம், வழக்கம்போல. குறுக்கு நரம்பு பதினொன்றாவது வரிசையில் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போயிருந்ததைப் பதினெட்டாவது வரிசையில்தான் கண்டேன். பிரித்தேன். மறுபடி கோத்தேன். கடையில் கொடுத்திருந்தால் அப்படியே விட்டிருப்பார்கள்.

எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. டென்னிஸையே நாற்பத்திரண்டு வயதில் அலுவலகக் கிடங்கின் சுவரில் அடித்து அடித்துத்தான் கற்றேன். நரம்பு கட்டும் இந்த மேசை இயந்திரத்தையும் அதோடு வந்த நான்கு பக்கத் தாளைப் படித்தே பழகினேன். வாங்கி மூன்று வருடமாகிறது. வாங்க வைத்த புண்ணியவான் மைதான வாசலில் நரம்பு கட்டும் கடை வைத்திருப்பவர். எட்டுப் பேர் முன்னால், "இந்த வயசுக்கு அறுவது எதுக்கு சார்? நாப்பத்தெட்டு போடுங்க, கைக்கு நல்லது" என்றார். அன்றோடு அந்தக் கடைப்படி ஏறவில்லை.

இறுக்கிக் கட்டினால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். தளர்த்திக் கட்டினால் நரம்பே பந்தை உந்திவிடும், கைக்கு உழைப்பு குறைவு. உழைப்பைக் குறைக்கச் சொல்லி நான் யாரிடமும் மனு கொடுக்கவில்லை.

(இந்த இறுக்கத்துக்கு டென்ஷன் என்று பெயர் இருப்பதை வைத்து என் மனைவி செய்யும் வேடிக்கையை இங்கே எழுதப் போவதில்லை.)

முழங்கை சற்று வலிக்கிறது. காற்றில் ஈரம் அதிகம்.

மார்ச் 6, வியாழன்

பற்பசையை இடது கையால் பிதுக்கினேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பயிற்சி ஆட்டம். இரண்டாவது செட்டில் சர்வீஸ் போடும்போது ராக்கெட் கையைவிட்டுப் பறந்து வலைக்கு அந்தப்பக்கம் விழுந்தது. பந்து என் காலடியில். எதிரணியில் இருந்த பல் டாக்டர் ராக்கெட்டை எடுத்து வந்து கொடுத்து, "இதுக்குப் பாயிண்ட் யாருக்கு?" என்றார். பல் பிடுங்குகிறவருக்கு நகைச்சுவை வேறு.

என் ஜோடி என் மச்சினன், மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வருடமாக ஒரே பக்கம் நின்று ஆடுகிறோம். அவன் சிரிக்கவில்லை.

"அத்தான், இருபத்தொம்பதாம் தேதி போட்டி. அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்குன்னு வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணு வைக்கிறாங்க. ஒண்ணு அந்த அறுவதைக் கொறைங்க. இல்லாட்டி நான் பல் டாக்டரோட பேர் குடுத்துடறேன்."

"குடு."

"என்னது?"

"குடுன்னேன்."

வீடு வரும்வரை அவன்தான் கார் ஓட்டினான். என்னால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது என்பதால் அல்ல. அது அவன் கார்.

மார்ச் 11, செவ்வாய்

பல் டாக்டரோடா? போயும் போயும் அந்த ஆளோடா? தலைக்கு மேல் வரும் பந்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு" என்று ஒதுங்குகிற மனுஷன்! இருபத்திரண்டு வருஷம்டா.

மனைவி வெளியே போனதும் அறையைத் தாழிட்டுக்கொண்டு ஐம்பத்தாறு போட்டேன். சோதனைக்காக மட்டும். ராக்கெட்டின் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி இறுக்கத்தை எழுதிவைப்பது என் வழக்கம். பேனாவை எடுத்தேன். அறுபது என்று எழுதினேன்.

கைப்பழக்கம்.

மார்ச் 15, சனி

ஐம்பத்தாறு: வலி. ஐம்பத்திரண்டு: அதே வலி, கொஞ்சம் மரியாதையாக. பிறகு நீளவாக்கில் பாலியெஸ்டரை வைத்துக்கொண்டு, குறுக்கே மட்டும் பல இழை முறுக்கிய மென்மையான நரம்புக்கு மாறினேன். யாரும் சொல்லி அல்ல, நானே யோசித்தது. ஐம்பது: பரவாயில்லை. நாற்பத்தேழு: பந்து மைதானச் சுவரைத் தாண்டிக் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. நாற்பத்தொன்பது: கிட்டத்தட்ட.

நடுவே இன்னும் ஓர் எண் மிச்சம் இருக்கிறது. அது எது என்று எனக்குத் தெரியும். இயந்திரக் கையில் இறுக்கத்தைக் குறிக்கும் எடைக்கட்டையை இரண்டு கோடுகளுக்கு இடையில், நாற்பத்தெட்டரையில், நிறுத்திப் பார்த்தேன். அது நழுவிக் கீழ்க்கோட்டில் போய் உட்கார்ந்தது. நான் நகர்த்தவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வலி இல்லை. துளிகூட இல்லை. 6-2, 6-3. பல் டாக்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மச்சினன் ஓடிவந்து என் ராக்கெட்டைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தான். "அறுவதா! இன்னமும் அறுவதா!"

நான் வாயைத் திறக்கவில்லை. சீட்டு சொன்னது.

மார்ச் 18, செவ்வாய்

மச்சினன் வந்தான். இரண்டு ராக்கெட்டை மேசைமேல் வைத்தான். "உங்களைத் தப்பா பேசிட்டேன் அத்தான். போட்டிக்கு நம்ம பேரைத்தான் குடுத்திருக்கேன். எனக்கும் அறுவது போட்டுக் குடுங்க."

இந்த வார்த்தைக்குத்தான் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தேன். வந்து சேர்ந்த நேரத்தைப் பார்.

மார்ச் 19, புதன்

முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டியவன், எடைக்கல்லின் அடியைக் குடைந்தவன் என்று எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைந்ததற்குக் கடையைப் பூட்டி முத்திரை வைத்ததுண்டு.

என் ராக்கெட்டில் நான் எதை எழுதினாலும் அது என் வீட்டு விஷயம். அடுத்தவன் பொருளில் நாற்பத்தெட்டைக் கட்டி அறுபது என்று எழுதினால்? பன்னிரண்டு பவுண்டு குறைவு. நூற்றுக்கு இருபது. நானே என்னைப் பிடித்திருப்பேன்.

கேட்டபடி அறுபதையே போடலாம். போட்டால் அவன் கை போய்விடும். எனக்கே போனது.

"நரம்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடு" என்றேன் மனைவியிடம்.

"பீரோ மேல இருநூறு மீட்டர் சுருள் வச்சிருக்கீங்களே, அது என்ன, துணி காயப்போடவா?"

மார்ச் 20, வியாழன்

போனில் சொல்லிவிட்டேன். "நான் ஆடறது நாப்பத்தெட்டுல."

சிரித்தான். "நீங்களா? சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்கன்னு அக்கா சொன்னதுக்காக, என் கல்யாணத்துல கடைசி ஆள் போறவரைக்கும் அப்படியே நின்ன மனுஷன் நீங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. "எனக்குக் கட்டிக்குடுக்க மனசில்லன்னு நேரா சொல்லுங்களேன். சொந்த மச்சினன்கிட்டயே தொழில் ரகசியமா?"

அரை மணியில் வந்து ராக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நேரே வாசல் கடைக்கு.

பொய்யைச் சொல்லாமலே நம்பினான். உண்மையைச் சொன்னா நம்ப மாட்டேங்கிறான். நான் என்னதான் பண்ணட்டும்?

மார்ச் 23, ஞாயிறு

கடைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். "எங்க அத்தானுக்கு அறுபத்தொம்பது வயசு. அவரே அறுவதுல ஆடறாரு" என்று அவர் வாயை அடைத்துவிட்டு அறுபது கட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டு நாள் ஆடியாயிற்று. இன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் தண்ணீர் ஜக்கை இரண்டு கையாலும் தூக்கினான். மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவன் போன பிறகு, "உங்களைப் பாத்துத்தான் அவனும் கெட்டான்" என்றாள்.

"நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனே."

"ஒரு தடவை சொன்னீங்க. மூணு வருஷமா அறுவது அறுவதுன்னு சொன்னதையும் அவன் கேட்டுட்டுத்தானே இருந்தான்?"

போட்டிக்கு இன்னும் ஆறு நாள். இப்படியே ஆடினால் அவன் போட்டிக்கே வர முடியாது. நான் சொல்லி நம்பமாட்டான். அளந்து காட்டினால் நம்புவான். கட்டிய நரம்பின் இறுக்கத்தை அளக்கும் கருவி இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது யாரிடம் இருக்கிறது என்பதை எழுதக் கை வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

போனேன். மச்சினனையும் இழுத்துக்கொண்டு போனேன். கடையில் நான்கு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். வேறு யாராக இருக்க முடியும்?

என் ராக்கெட்டைக் கடைக்காரர் முன்னால் வைத்தேன். "அளங்க."

"அதான் அறுவதுன்னு எழுதியிருக்கே சார்."

"எழுதினதைக் கேக்கல. அளங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

அதற்கு முன் கருவியை வாங்கிச் சோதித்தேன். முள் பூஜ்யத்தில் சரியாக நின்றது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது பெரிய வருத்தம்.

"நாப்பத்தாறு" என்று படித்தார். அவரே தொடர்ந்தார். "நாப்பத்தெட்டுல கட்டியிருப்பீங்க. ஆடினதுல ரெண்டு எறங்கியிருக்கு."

சீட்டை நானே கிழித்தேன். பசை நல்ல பசை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க அது வெகுநேரம் பிடித்தது.

"நான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான்.

மச்சினன் முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்டான். "அத்தான், இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"வியாழக்கிழமை சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"ராக்கெட்டைக் கொண்டா" என்றேன்.

மார்ச் 26, புதன்

அவனுடைய இரண்டையும் அறுத்துவிட்டு மறுபடி கட்டினேன். குறுக்கே மென்மையான நரம்பு. நாற்பத்தெட்டு. சீட்டிலும் நாற்பத்தெட்டு. முதலில் எழுதியதில் எட்டு கோணலாக வந்ததால் வேறு சீட்டு எடுத்தேன். கைப்பழக்கம் போதவில்லை.

மார்ச் 29, சனி

முதல் சுற்றிலேயே தோற்றோம். பல் டாக்டர் ஜோடியிடம், மூன்றாவது செட் 7-5. நரம்பு காரணமில்லை. வெயில் எங்கள் கண்ணில் அடித்தது.

மூன்று செட்டிலும் மச்சினன் ஒரு தடவைகூட முழங்கையைத் தொடவில்லை. தொடுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் என் பக்கம் வந்த இரண்டு பந்தைக் கோட்டை விட்டேன். வரும் வழியில், "அடுத்த வருஷத்துக்கு இப்பவே நம்ம பேரைக் குடுத்துடட்டுமா அத்தான்?" என்றான். குடு என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

நரம்பு வாங்க வாசல் கடைக்குப் போனேன். ஐந்து நிமிட வேலை. முடிச்சுப் போடுவதில் அவர் ஒரு தவறு செய்கிறார், அதைக் காட்ட வேண்டியிருந்தது. டீ வரவழைத்தார். ஒன்றரை மணி நேரமாகிவிட்டது.

கிளம்பும்போது என் கையைப் பார்த்தபடி சொன்னார். "சார், எழுவதாகப் போகுது. இன்னும் ஒரு ரெண்டு எறக்கலாமே? நாப்பத்தாறு வச்சுப் பாருங்க, கைக்கு நல்லது."

என்ன தைரியம்! நாற்பத்தெட்டுக்குக் கீழே ஒரு பவுண்டுகூட இறங்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.