ரோட்டில் விழுந்த சாணி

மாதா துணை

ஓசூர்,
17-1-1968

பெங்களூரில் இருக்கும் என் வீட்டுக்காரர் சிங்கராயருக்கு, பவுலினா எழுதுவது. நானும் நம் மகளும் இருக்கிறோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்த இன்லண்ட் லெட்டர் கங்கப்பன் மேஸ்திரி தன் காசில் வாங்கித் தந்தது. பண்ணை வேலைக்கு உடனே திரும்பி வரச் சொல்லி உங்களுக்கு எழுத வேண்டுமாம். நான் எழுதப்போவது வேறு. ஒட்டுவதற்கு முன் அவரே படித்துப் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.

எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை, குளிர் ஆகவே ஆகாது, அறையைச் சூடாக வைத்திரு என்று நர்சம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். இங்கே பத்து மணி வரைக்கும் பனி விலகுவதில்லை. நம் தகரக் கூரையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவரை அறுத்தவர்களுக்கு அடுப்பெரிக்கக் காய்ந்த மிளார்க் குச்சி சொந்தம் என்பது எந்தக் காலத்து வழக்கம்! வயிற்றுப் பிள்ளையோடு ஆறு நாள் அறுத்து, என் பங்கு மிளாரை வரப்பில் அடுக்கி வைத்திருந்தேன். மேஸ்திரி வண்டி கொண்டுவந்து அத்தனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உன் புருஷன் ஏர் பிடிக்க வரட்டும், வாசலிலேயே கொண்டுவந்து இறக்குகிறேன் என்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பக்கத்து வீட்டுச் சூசைமேரி அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, கூடையோடு பெங்களூர் ரோட்டுக்குப் போனேன். சந்தைக்குப் போகிற வண்டி மாடுகள் போடும் சாணியெல்லாம் இப்போது எனக்குத்தான். தினமும் பாறையில் தட்டிக் காயவைக்கிறேன். காயும்வரை உண்ணிச்செடிக் குச்சியை எரித்துச் சமாளித்தேன். நேற்று மேஸ்திரி ரோட்டுக்கே வந்து, அதில் பாதி பண்ணை மாட்டுச் சாணி, கீழே போடு என்றார். சந்தைக்குப் போகிற ஜனம் எல்லாம் நின்றுவிட்டது. “சாணியில பேரு எழுதியிருக்குதா மேஸ்திரி? ரோட்டுல விழுந்தது ரோட்டோடது. வேணும்னா நீங்களே குனிஞ்சு அள்ளிக்குங்க” என்றேன். சலவை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஒரு தவறும் செய்தேன், மறைக்க மாட்டேன். வரட்டி மூட்டிய முதல் நாள், புகை அடங்குவதற்குள் கணப்புச் சட்டியை உள்ளே வைத்து, சூடு போகக்கூடாதென்று கதவையும் சாத்திவிட்டேன். பிள்ளை முகம் மாறிவிட்டது. வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அன்றைக்குப் பயந்ததுபோல் நான் என்றைக்கும் பயந்ததில்லை. இப்போது வெளியே வைத்துப் புகையெல்லாம் போனபிறகு, வெறும் தணலாகத்தான் கொண்டுவருகிறேன். ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கிறேன். இரண்டு நாளாக அவள் கால் விரல்கள் நீலமில்லாமல் சிவப்பாக இருக்கின்றன. பாலும் முன்னைவிடக் கொஞ்சம் இழுத்துக் குடிக்கிறாள்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வராதீர்கள். மார்ச் முடிந்தால் பெர்மனெண்ட் ஆக்குவார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது வந்தால் அது போய்விடும். நீங்கள் அந்த ஏரைப் பிடித்தால் நாளைக்கு உங்கள் மகளும் அதே துவரையைத்தான் அறுக்க வேண்டும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சூசைமேரி அக்கா நல்ல மனதோடுதான் சொன்னார், கோவில் சாமியாருக்குக் காத்திருக்காமல் வீட்டிலேயே தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்துவிடலாம் என்று. பிழைக்காது என்று நினைக்கிற பிள்ளைக்குத்தான் அப்படி அவசரமாக ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். தெய்வக் குற்றம் என்றால் அது என் தலையோடு போகட்டும். ஈஸ்டருக்கு லீவு போட்டு வாருங்கள். கோவிலில், எல்லாரும் பார்க்க, நீங்கள் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் அவளை நான் சூடாக வைத்திருப்பேன்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
பவுலினா