வளையத்தைத் திருகியது யார்?

மார்ச் 9, ஞாயிறு

மறுபடியும் திருகிவிட்டான்.

பைனாகுலரின் வலது குழலில் ஒரு சின்ன வளையம் இருக்கிறது. நம் வலது கண்ணுக்கு ஏற்ப ஒருமுறை திருகி வைத்துவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம் என்று வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார். நானும் அப்படித்தான் வைத்தேன். இன்று படகில் ஏறிக் கண்ணில் வைத்தால் வலது பக்கம் முழுக்கப் புகைமூட்டம். படகில் நாங்கள் இரண்டே பேர். நான் தொடவில்லை. அப்படியென்றால் யார்?

மச்சான்தான். மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். இந்தப் பாய்மரப் படகு அவனுக்கும் எனக்கும் பாதிப் பாதி. அவன் சுக்கானைப் பிடிப்பான், நான் பைனாகுலரில் பார்த்து வழி சொல்வேன். கடலுக்கு வந்தாலும் கழுத்தில் விசில் தொங்க வேண்டும் அவனுக்கு. கேட்டால், "நான் எதுக்கு அத்தான் அதைத் தொடப்போறேன்?" என்று விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். அப்புறம் என்ன பேசுவது?

மார்ச் 16, ஞாயிறு

வளையத்தைச் சரிசெய்து, மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். இனி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தெரிந்துவிடும். பூட்டு சாவிக் கடைக்காரனிடமா விளையாட்டு?

மார்ச் 20, வியாழன்

கடைத்தெருவில் புது விளக்குகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம் தெரிகிறது. மட்டமான பல்பு. இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

ஏப்ரல் 6, ஞாயிறு

புள்ளி வைத்த இடத்திலேயே இருக்கிறது. பார்வை மட்டும் மங்கல். ஆக, திருகிவிட்டு, நான் வருவதற்குள் புள்ளியைப் பார்த்துப் பழையபடி வைத்திருக்கிறான். இவ்வளவு மூளை அவனுக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "புள்ளி நகரலைன்னா அவன் தொடலைன்னுதானேங்க அர்த்தம்?" என்கிறாள். தம்பியை விட்டுக்கொடுப்பாளா?

ஏப்ரல் 12, சனி

படகில் ஒரு பெட்டி பொருத்தி, பைனாகுலரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். கடையிலேயே நல்ல பூட்டு. ஒரே சாவி, என் சட்டைப் பையில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பூட்டில் கீறல்கூட இல்லை. உள்ளே பைனாகுலர் மங்கல். சாவி இல்லாமல் திறந்திருக்கிறான்! லீவு நாளில் என் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் நான்.

மே 11, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

படகுச் சங்கத்தின் பந்தயம். பாறைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஆரஞ்சு நிற மிதவையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். நாங்கள்தான் முதலில். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக முதலில்! பைனாகுலரின் இடது கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெறித்து, துடைக்கத் துடைக்க ஈஷிக்கொண்டது. வலது குழலால் மட்டும் பார்த்தேன். ஆரஞ்சாக, உருண்டையாக ஒன்று தெரிந்தது.

"இடது பக்கம் திருப்புடா!"

"அத்தான், பாறை வலது பக்கம்ல இருக்கு?"

"பைனாகுலர் யார்கிட்ட இருக்கு?"

திருப்பினான். எங்களை நம்பிப் பின்னால் இரண்டு படகுகள் திரும்பின.

கிட்டே போனால் அது குடை. ஆரஞ்சுக் குடைக்குக் கீழே, குட்டிப் படகில் ஒரு மீசைக்காரர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வந்த வேகத்தில் என்ன செய்வது? அவரைச் சுற்றினோம். பின்னால் வந்த இரண்டு படகுகளும் சுற்றின.

"ஏம்ப்பா என்னைச் சுத்துறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். 

கரையில் சங்கச் செயலாளர் மைக்கில், "மிதவையைச் சுற்றியவர்களுக்கு மட்டும் பரிசு" என்று அழுத்திச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேர் முன்னால், வளையத்தைத் திருகியே என் மானத்தை வாங்கிவிட்டான் என்று மச்சானைப் பார்த்துக் கத்தினேன். "உன்னோட இனிமே ஒத்துவராது. படகைப் பாதியா அறுத்துக்கலாம். முன்பாதி எனக்கு!"

"சரி அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒருமுறைகூட விசில் ஊதவில்லை.

பின்பாதியில்தான் சுக்கான் இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

மே 18, ஞாயிறு

ஒருவன் கயிற்றை இழுக்க வேண்டும், ஒருவன் சுக்கானைப் பிடிக்க வேண்டும். நானோ ஒருவன். படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டியிருந்தாள். வேண்டுமென்றேதான் செய்திருப்பாள். இரண்டையும் நானே தின்றேன்.

மே 25, ஞாயிறு

மச்சான் இரண்டு வாரமாகப் படகுப் பக்கமே வரவில்லை என்கிறார் காவலாளி. பெட்டியில் பூட்டையும் மாற்றிவிட்டேன். திறந்து பார்த்தேன். மங்கல். முன்பைவிட மங்கல்.

உடைந்திருக்கிறதோ என்று பைனாகுலரின் அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பினேன். அப்படியே கண்ணில் வைத்தேன். இப்போது வலது குழல் இடது கண்ணில். பளிச்சென்று இருந்தது. எதிர்க்கரையில் காயும் துணியின் கட்டம் வரைக்கும் தெரிந்தது. இடது குழல் வழியாக வலது கண் — புகை.

மறுபடியும் திருப்பினேன். மறுபடியும். எந்தப் பக்கம் வைத்தாலும் வலது கண்ணில்தான் புகை.

ஐயோ, குழாய்ல ஒண்ணுமே இல்ல. என் கண்ணுதான். இத்தனை மாசமா என் கண்ணுதான் போயிட்டிருந்திருக்கு, நான் அவனைப் போய்... கடையில எப்படித் தெரியாமப் போச்சு? எப்படித் தெரியும்? அங்க பூட்டுக்குள்ள பார்க்கிற லென்ஸை மாட்டுறது இடது கண்ணுல. வலதை மூடிக்கிறதுதானே பழக்கம்.

பயமாக இருக்கிறது. ஒரு கண் போனால் மற்றதும் போகுமோ? அதைவிட, அவனிடம் என்னவென்று போய்ச் சொல்வேன்?

மே 28, புதன்

பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"ரம்பம் வாங்கிட்டீங்களா அத்தான்?"

"கண்ணுடா."

"என்ன கண்ணு?"

"என் கண்ணு. வளையத்தை யாரும் திருகலடா. எனக்குத்தான் தெரியல."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரித்திருந்தால் தேவலை. விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எப்பப் போகணும் டாக்டர்கிட்ட? நான் லீவு சொல்லிடுறேன்" என்றான்.  பிள்ளைகள் நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 2, திங்கள்

கண்புரையாம். எடுத்துவிட்டால் சரியாகிவிடுமாம். உயிர் வந்தது. "இவ்வளவு மறைக்குதே, முன்னாடியே தெரியலையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரிஞ்சுது டாக்டர்," என்றான் மச்சான். "நான் பண்றேன்னு நினைச்சுட்டார்."

ஜூன் 20, வெள்ளி

ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கடைத்தெரு பல்பு நல்ல பல்புதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டாவது பந்தயம். காலையில் சங்கத்தில் எல்லாரும் என் பைனாகுலருக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். இன்னும் எத்தனை வருஷத்துக்கோ. நாங்கள் நான்காவதாக வந்தோம். மிதவையைச் சுற்றித்தான் வந்தோம்.

போகும் வழியில் இடது பக்கம் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தேன். அதே மீசைக்காரர்; மீசையில் பாதி நரை. அவரும் எங்கள் பாயைப் பார்த்துவிட்டார். அவசர அவசரமாகக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"குடுங்க அத்தான், நானும் பார்க்கிறேன்" என்றான் மச்சான். கொடுத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொண்டேன். அவன் கண்ணில் வைத்துப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், வளையத்தைத் திருகினான். சிவப்புப் புள்ளி எங்கேயோ போய்விட்டது.

நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.