நீ சொன்ன ஏரிப்பனி

என் கைத்தொலைபேசியில் இன்னும் இரண்டு ஊர்களின் வானிலை இருக்கிறது. மேலே நான் இருக்கும் இத்தாலிப் பலெர்மோ, பதினாறு பாகை, பாதி முகில். அதற்குக் கீழே உன் ஊர். இன்று மத்தியானம் நான் பராமரிக்கும் கிழவி சிஞ்ஞோராவுக்குச் சூப் பருக்கி, வாய் துடைத்து, படுக்க வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்து அதைத் திறந்தேன். சைபருக்குக் கீழே பதினான்கு. பலத்த காற்று, கடும் பனி, தேவையில்லாமல் வெளியே போகவேண்டாம் என்று சிவப்பில் எழுதியிருந்தது. நீ போய் இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. நீயே இல்லாத ஊரின் வானிலை உனக்கென்னத்துக்கடி என்று கேட்பாய். அழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பனியைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இங்கே நீ எப்படி இருந்தாய் என்று எனக்கல்லவா தெரியும். தை மாத ஞாயிறுகளில், சனமில்லாத மொண்டெல்லோக் கடற்கரைக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போவோம். பன்னிரண்டு பாகைக் குளிருக்கு உனக்கு இரண்டு சுவெற்றர், அதற்கு மேலே உன் அவருடைய ஜக்கெற், காதைச் சுற்றி என்னுடைய சால்வை. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் இந்த வீட்டில்தான் இரண்டு பேரும் முறை மாறி முறை வேலை செய்தோம். சிஞ்ஞோரா உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, குளிர்க்காரி என்றுதான் இத்தாலியனில் கூப்பிடுவா. அந்தக் குளிர்க்காரி போய்ச் சேர்ந்த இடமோ கனடாவில் ஹூரோன் ஏரிக்கரை. உன் அவருக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த ஊருக்கே நீங்கள் ஒரேயொரு தமிழ் வீடு.

அங்கே போன முதல் மாதம் வீடியோவில் ஏரியைக் காட்டினாய். "கடலடி இது. அந்தக் கரை தெரியேல்லை. உப்புத்தான் இல்லை, வாயிலை விட்டுப் பாத்திட்டன்." ஏரியென்றால் நான் குளத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நினைத்திருந்தேன். பிறகு கார்த்திகையில் அந்தத் தண்ணீர் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. வாசலில் இருந்து ரோட்டு வரைக்கும் செம்மஞ்சள் தடிகளை நட்டிருந்தீர்கள், பனி மூடினால் பாதை எது, புல் எது என்று தெரிவதற்காம். உன் அவர் ஒரு பக்கத்தால் சவளால் பனியை அள்ளிக்கொண்டு போக, காற்று மற்றப் பக்கத்தால் நிரப்பிக்கொண்டு வந்ததை யன்னலில் நின்று எனக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தாய். "பாவமடி அவர், காத்தோடை போட்டி போடுறார்." நீ ஒரு நாளாவது இறங்கி அள்ளினாயா என்று நான் கேட்டதற்கு, லைன் சரியில்லை என்றாய்.

காற்றைக் கேட்க வேண்டுமா என்று கேட்டு, யன்னலைத் திறந்து தொலைபேசியை வெளியே நீட்டுவாய். குக்கர் விசிலடிக்கப் போகும்முன் ஒரு மூச்சு இழுக்குமே, அந்தச் சத்தம். ஆனால் விசில் வராது, இழுத்துக்கொண்டே இருக்கும். எனக்கு அதைக் கேட்கப் பிடித்திருந்தது. சிஞ்ஞோராவும் கேட்டிருக்கிறா. கேட்டுவிட்டு, பாவம் அந்தப் பிள்ளை என்று சிலுவை போட்டுக்கொண்டா.

அந்தப் பனி எப்படி வருகிறது என்று பக்கத்து வீட்டுக் கிழவர் உனக்கு விளங்கப்படுத்த, நீ அதை எனக்கு விளங்கப்படுத்தினாய். "குளிர் காத்து ஏரிக்கு மேலாலை வரேக்கை தண்ணியை உறிஞ்சிக்கொண்டு வந்து எங்கடை தலையிலை கொட்டும். அதுவும் ஒரு கோடு மாதிரித்தான். இஞ்சை முன்னுக்குப் போற கார் தெரியாது, பத்து நிமிசம் ஓடினால் அங்கை நல்ல வெயில். அதாலை உன்ர போனிலை வெயில் காட்டினால் நம்பாதை." இன்னொன்றும் சொன்னாய். "ஏரி உறையுமட்டும்தான் இந்த ஆட்டம். உறைஞ்சிட்டுதெண்டால் காத்துக்கு உறிஞ்சத் தண்ணி இல்லை, அது அடங்கியிடும்." இந்த இரண்டில் முதலாவதை நான் மறக்கவில்லை. இரண்டாவதை எப்படி மறந்தேன் என்றுதான் யோசிக்கிறேன்.

காற்றைச் சாட்டிப் போனை வைக்கும் வித்தையை உனக்குக் காட்டிக் கொடுத்தவளே நான்தான். நாங்கள் இங்கே வந்த புதிது, எனக்கு இன்னும் பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, கைக்கு வரவில்லை. தெருவோரத் தொலைபேசிப் பெட்டியில் நின்று அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "எப்ப பிள்ளை வாறாய்?" என்று அம்மா கேட்டா. நான் அழுவது அவவுக்குத் தெரியக்கூடாது. "அம்மா, இஞ்சை சரியான காத்து, ஒண்டும் கேக்கேல்லை, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். நீ எனக்குப் பின்னால் உன் முறைக்கு நின்றாய். மேலே இருந்த மரத்தை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தாய். "எடியேய், ஒரு இலை ஆடேல்லை. உனக்கு மட்டும் எங்கையிருந்தடி காத்து?" அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்த உனக்கு அழுகை வந்து, அன்று நீ வீட்டுக்குக் கதைக்காமலே என்னோடு திரும்பி நடந்தாய். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் எத்தனை தரம் அந்தக் காற்றைச் சாட்டியிருப்போம். ஊரில் இருந்தவர்கள் பலெர்மோவில் வருஷம் முழுக்கப் புயல் என்று நினைத்திருப்பார்கள்.

போன மாசியில் நீ அதை எனக்கே செய்தாய்.

"இண்டைக்குச் சரியான ஸ்னோவடி. காத்தும். நெற் இழுக்குது, வீடியோ வராது. பேந்து எடுக்கிறன்." முதல் நாள் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த கிழமையும் அதுவே. அதற்கடுத்த கிழமை என் தொலைபேசியில் உன் ஊருக்கு முழு வெயில். கீறலில்லாத மஞ்சள் வட்டம். நான் அதை நம்பவில்லை, உன்னை நம்பினேன். பத்து நிமிசம் தள்ளி வெயில், உன் வாசலில் பனி என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். சியாகுல்லி மண்டரின் பழம் சந்தைக்கு வந்த நேரம் அது. மற்ற மண்டரின் எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் பழுப்பது, உனக்கு உயிர். உரித்துப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து உன் குரல் மட்டும் வந்தது. "மணக்குதடி இஞ்சை வரைக்கும்." குரல் மெலிந்திருந்தது. காற்றுக்குள் நின்று கதைக்கிறாய் என்று நினைத்தேன். அதில் காற்றுச் சத்தமே இல்லை என்பது, பிறகு அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டபோதுதான் தெரிந்தது.

பங்குனிக் கடைசியில் உன் அவர் எடுத்தார். உன் உயிர் போய்விட்டது என்றார். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தாயாம். "அக்காவுக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னவ. தெரிஞ்சால் சிஞ்ஞோராவை விட்டிட்டு, வேலையையும் விட்டிட்டு ஓடி வந்திடுவா எண்டு. யன்னலாலை ஏரியைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ. நல்ல வெயில் அக்கா அந்த நாளெல்லாம். ஏரி உறைஞ்சுபோய்க் கிடந்தது."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஓடித்தான் வந்திருப்பேன். அதைத் தடுக்க நீ யார்? சிஞ்ஞோராவைப் பார்க்க வேறு ஆள் பிடித்திருக்கலாம், உன் கையைப் பிடிக்க நான் ஒருத்திதானே இருந்தேன். கொஞ்ச நாள் இந்தக் குசினியில் பாத்திரங்கள் எல்லாம் என்னிடம் அடி வாங்கின. பிறகு கோபம் என் பக்கம் திரும்பியது. அந்தப் பொய் நான் செய்த பொய். அதன் உள்ளும் புறமும் தெரிந்தவள் நான். ஒரு இலை ஆடவில்லையேடி என்று அன்றைக்கு நீ கேட்டமாதிரி, ஏரி உறைஞ்சிருக்குமேடி என்று நான் ஒரு தரம் கேட்டிருந்தால் நீ உடைந்திருப்பாய். நான் ஒவ்வொரு முறையும், "சரியடி, குளிருக்குள்ளை நிக்காதை" என்று வைத்துவிட்டேன்.

இன்று அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு உன் அவருக்கு எடுத்தேன். அங்கே காலை ஒன்பது மணி. இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து நான்கு தரம் எடுத்திருப்பேன், நான்கு தரமும் இரண்டு வார்த்தையோடு சரி. இன்றும் நான் சுகம் கேட்டு முடிக்கும்முன் அவர் சொன்னார். "இஞ்சை சரியான ஸ்னோ அக்கா. காத்தும். விளங்குதில்லை, பேந்து எடுக்கட்டோ?"

அவர் குரல் எனக்குத் தெளிவாக விளங்கியது. வானிலை அவர் பக்கம்தான் சாட்சி சொன்னது, பனி உண்மை, காற்று உண்மை. என் விரல் பழக்கத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் நீ என் தோளுக்குப் பின்னால் உன் முறைக்கு நிற்பது போலிருந்தது.

"ஸ்னோ கொட்டட்டும் தம்பி" என்றேன். "எனக்கு அவசரமில்லை, சிஞ்ஞோரா நித்திரை. போனை யன்னலுக்கு வெளியாலை ஒருக்கால் பிடியுங்கோ. அவ பிடிக்கிறமாதிரி."

யன்னல் கொக்கியைக் கழற்றும் சத்தம். காற்று வந்தது, உன்னுடைய அதே காற்று, விசிலடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. நான் காதை அழுத்திக்கொண்டு கேட்டேன். நெடுநேரம் கழித்து யன்னல் மூடியது. காற்று நின்றபிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"விளங்குது தம்பி, எல்லாம் விளங்குது" என்றேன். "நான் வைக்கேல்லை."